ஊட்டிக்குப் போக எது சரியான சீசன்? மே மாதத்தில் அம்மாவை அழைத்துப்போய் நான் கற்ற பாடம்!

அம்மா வாழ்நாளில் பார்க்க ஆசைப்பட்டது இரண்டே ஊர்கள்தான். ஒன்று காசி, இன்னொன்று ஊட்டி. காசிக்கு அவர் வயதுக்காரர்களோடு சேர்ந்து போய் வந்துவிட்டார். ஊட்டி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிப் பாடும் அந்தப் புல்வெளியைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு தடவை அங்க போய் உட்காரணும்டா" என்பார். 'ஓடணும்' என்றுகூடச் சொல்லவில்லை, 'உட்காரணும்' என்றுதான் சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு, எனக்கும் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. மதுரையில் வேன் பிடித்து, இரவோடு இரவாகக் கிளம்பினோம். பொழுது விடியும்போது மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர், சாதாரண நாளில் இரண்டு மணி நேரப் பயணம். பர்லியாறு தாண்டியதும் வண்டி நின்றது. நகர்ந்தது, திரும்பவும் நின்றது. எங்களுக்கு முன்னால் மலையைச் சுற்றி வண்ண வண்ணமாக வாகனங்கள். பின்னால் பார்த்தாலும் அதே காட்சிதான்.

அன்று நாங்கள் ஊட்டி போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆனது. அதில் அம்மா பட்ட பாடு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நடுவழியில் இறங்கப் பாத்ரூம் வசதி இல்லை என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமலே வந்திருக்கிறார். வீட்டில் வயதான பெண்கள் இருப்பவர்களுக்கு இது புரியும். அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

மறுநாள் தாவரவியல் பூங்கா. மலர்க்கண்காட்சி நடந்துகொண்டிருந்த நேரம். உள்ளே போகவே நீண்ட வரிசை. மூட்டுவலியோடு நின்று, நகர்ந்து, உள்ளே போனால் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. வெளியே வந்ததும் எப்படிம்மா இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பூவைவிட முதுகைத்தாண்டா அதிகமாப் பார்த்தேன்" என்றார்.

அந்த ஒரு வரி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஒரு நடுத்தரக் குடும்பம் ஓராண்டு பணம் சேர்த்து மூன்று நாள் டூர் போகிறது. அந்த மூன்று நாள் வீணானால், அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வயதானவர்கள் விஷயத்தில், வருமா என்பதே தெரியாது. அதன் பிறகு நான் வெவ்வேறு மாதங்களில் ஊட்டிக்குப் போய் வர ஆரம்பித்தேன். அப்போது தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மே மாதம் எப்படி 'சீசன்' ஆனது?

ஊட்டிக்கு மே மாதம்தான் சிறப்பு என்று அந்த மலை நமக்குச் சொல்லவில்லை. சொன்னது சமவெளியின் வெயில்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு வந்தார். முதலில் கோத்தகிரி பக்கம் தங்கியவர், 1822-ல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். இன்றும் அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டி ஏரி உருவானது. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணரின் கைவண்ணத்தில் தாவரவியல் பூங்கா உருவாகத் தொடங்கியது. சென்னை வெயிலைத் தாங்க முடியாத ஆங்கிலேய அதிகாரிகள், கோடையில் கோப்புகளோடும் குடும்பத்தோடும் மலையேறினார்கள். சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரமாகவே ஊட்டி ஆனது. அவர்கள் வந்த மாதங்கள்தான் 'சீசன்' என்று பெயர் பெற்றன.

வெள்ளைக்காரர்கள் போனார்கள். அந்த இடத்துக்கு நம் பள்ளிக்கூடங்களின் முழு ஆண்டு விடுமுறை வந்தது. சமவெளியில் 40 டிகிரி கொதிக்கும்போது, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் பகல் வெப்பம் 22, 23 டிகிரிதான். யாருக்குத்தான் போகத் தோன்றாது? ஆனால், 'எங்கள் ஊரில் வெயில் அதிகம்' என்பது ஒரு காரணம். 'ஊட்டி அழகாக இருக்கும்' என்பது வேறு காரணம். இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம்.

ஒரே மலை, இரண்டு மழை!

ஊட்டி டூருக்குத் திட்டமிடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நீலகிரிக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. இது கேரளப் பக்கமிருந்து ஏறி வரும். அதனால் மேற்கே இருக்கும் கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பகுதிகளில் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது நினைவிருக்கலாம். சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல், அங்கே ஒரே நாளில்! அதே சமயத்தில் கிழக்கே இருக்கும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் சாரலும் மேகமூட்டமுமாக இருக்கும். மழை அந்த அளவுக்கு இருக்காது.

அக்டோபர் பிற்பாதியில் காட்சி மாறும். வடகிழக்குப் பருவமழை வங்கக்கடல் பக்கமிருந்து வரும். இப்போது நனைவது கிழக்குப் பக்கம். குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மலைப்பாதை எல்லாம் இதில் மாட்டும். 2009 நவம்பரில் இந்தப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

ஆக, 'ஊட்டியில் மழையா?' என்று கேட்டால் போதாது. எந்தப் பக்கத்து மழை என்று கேட்க வேண்டும். ஜூலையில் போகத்தான் வேண்டும் என்றால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்குங்கள். நவம்பரில் கனமழை எச்சரிக்கை இருந்தால் மேட்டுப்பாளையம் வழியாக ஏறும் திட்டத்தையே தள்ளி வையுங்கள்.

மாதம் மாதமாகப் பார்ப்போம்

ஏப்ரல், மே: திருவிழாக் கூட்டம்

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தோட்டக்கலைத் துறையின் கோடை விழாக்கள் எல்லாம் இப்போதுதான் நடக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க்கண்காட்சி (2025-ல் நடந்தது 127-வது), ரோஜா பூங்காவில் ரோஜா கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி என்று வரிசை கட்டும். லட்சக்கணக்கான பூக்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் மே மாதத்துக்கு மாற்று கிடையாது. திருவிழாக் கூட்டமே பிடிக்கும் என்பவர்களுக்கும், இளவட்டங்களுக்கும் இது கொண்டாட்டம்தான்.

ஆனால், அறை வாடகை ஏறிவிடும். மலை ரயில் டிக்கெட் குதிரைக் கொம்பு. பிற்பகலில் திடீரென்று கோடை மழையும் ஆலங்கட்டியும் விழும். ஊருக்குள் தண்ணீர்த் தட்டுப்பாடு தலைகாட்டும். நாம் ஹோட்டல் அறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கும்போது, அதே ஊரில் ஒரு தெருக்காரர்கள் குடத்தோடு காத்திருப்பார்கள். இதையும் நினைவில் வைப்பது நல்லது.

மேயில்தான் போக முடியும் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை: சனி, ஞாயிறைத் தவிர்த்து செவ்வாய் முதல் வியாழன் வரை திட்டமிடுங்கள். பூங்காவுக்குக் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். தங்குவதற்குக் கோத்தகிரியைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்: மழையை ரசிப்பவர்களுக்கு மட்டும்

கூட்டம் இறங்கிய பிறகு ஊட்டிக்குப் பெருமூச்சு விட்டதுபோல ஒரு அமைதி வரும். ஜூலையில் பகலிலேயே 17 டிகிரியைத் தாண்டாத நாட்கள் உண்டு. புல்வெளிகள் பச்சைப் பசேல் என்றிருக்கும். பைக்காரா அருவியில் தண்ணீர் பெருகி விழும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் கல்லாறு, பர்லியாறு பழப் பண்ணைகளில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கும் பருவம். சாலையோரக் கடைகளில் ப்ளம்ஸ், பேரிக்காய் கிடைக்கும்.

குறை என்ன? காட்சிமுனைகளுக்குப் போனால் எதிரே வெள்ளைத் திரை மட்டும்தான் தெரியும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம்தான். ஆனால், மேகத்துக்குள் நின்றால் அது எத்தனை உயரமாக இருந்து என்ன பயன்? காற்று பலமாக வீசும் நாட்களில் மரங்கள் சாலையில் சாய்வது சகஜம். அவலாஞ்சி போன்ற இடங்களை மூடிவிடுவார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்த மாதங்கள் வேண்டாம். போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் டீ குடித்தபடி மழை பார்ப்பதே எனக்குப் போதும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி: இரண்டு மழைக்கு நடுவே ஒரு ஜன்னல்

குடும்பத்தோடு போக எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். ஊட்டிக்காரர்கள் இதை 'இரண்டாம் சீசன்' என்பார்கள். தென்மேற்கு மழை ஓயும், வடகிழக்கு மழை இன்னும் வந்திருக்காது. பொதுவாக அது அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். இடையில் கிடைக்கும் மூன்று, நான்கு வாரங்கள்தான் அந்த ஜன்னல்.

மழையில் குளித்த மலை, நிறைந்த அணைகள், தேயிலைத் தோட்டங்களில் புதுத் துளிர். 'இரண்டு இலை ஒரு மொட்டு' என்று பறிப்பதை அருகிலிருந்து பார்க்கலாம். தாவரவியல் பூங்காவிலும் இரண்டாம் சீசனுக்கென்று தனியாக நாற்று நட்டு, ஆயிரக்கணக்கான தொட்டிகளில் பூக்களை அடுக்கி வைப்பார்கள். மே மாத அளவுக்குப் பிரமாண்டம் இருக்காது. ஆனால், நின்று நிதானமாகப் பார்க்க முடியும்.

இன்னொரு வசதி, நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை பெரும்பாலும் இதே நேரத்தில்தான் வருகிறது. பிள்ளைகளின் படிப்பும் கெடாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஓணம் விடுமுறையில் கேரளத்திலிருந்தும், ஆயுத பூஜை, தசரா தொடர் விடுமுறையில் கர்நாடகத்திலிருந்தும் கூட்டம் வரும். காலண்டரைப் பார்த்து அந்த நான்கைந்து நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபர் கடைசி, நவம்பர்: பொறுத்திருங்கள்

தீபாவளி முடிந்ததும் ஊட்டி என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் பளிச்சென்ற நாட்கள் கிடைக்கும். இல்லையென்றால் மலை ரயில் ரத்து, சாலையில் மண் சரிவு, அறைக்குள் முடக்கம். வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் முடிவெடுக்கக் கூடியவர்களுக்கு மட்டுமே இது சரிவரும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு அறை போடுங்கள்.

டிசம்பர், ஜனவரி: வெள்ளைப் போர்வை

"ஊட்டியில் பனி பொழியுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். காஷ்மீர்போலப் பொழியாது. ஆனால், வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் உறைபனி விழும். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். விடியற்காலையில் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல வெளுத்திருக்கும். நிறுத்தி வைத்த கார்களின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். வெயில் ஏறினால் எல்லாம் கரைந்துவிடும். எட்டு மணிக்கு மேல் போர்வையை விலக்குகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

நமக்குக் காட்சியாக இருப்பது அங்கே வாழ்கிறவர்களுக்குக் கவலை. உறைபனியில் தேயிலைச் செடிகள் கருகும், மலைக் காய்கறிகள் பாழாகும். தாவரவியல் பூங்காவில் செடிகளை மிலார் செடிகளால் மூடி, காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவார்கள். அதே குளிரில் தேயிலை மெதுவாக வளர்வதால் அதன் வாசனை கூடுகிறது என்பதும் உண்மை. குளிர்காலத்தில் பறிக்கும் நீலகிரித் தேயிலைக்குத் தனி மவுசு உண்டு.

படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, தோடர் மக்களின் மொற்பர்த் பண்டிகை இரண்டும் இந்தக் காலத்தை ஒட்டி வருபவை. அவை சுற்றுலா நிகழ்ச்சிகள் அல்ல, அவர்களின் வழிபாடு. அழைப்பும் அனுமதியும் இல்லாமல் கேமராவோடு நுழையாதீர்கள்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும், பொங்கல் விடுமுறையிலும் கூட்டம் மே மாதத்தை நினைவுபடுத்தும். மூச்சுத்திணறல், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தக் குளிருக்குப் போக வேண்டாம்.

பொங்கலுக்குப் பிறகு, பிப்ரவரி, மார்ச்: தெளிந்த வானம்

இது அதிகம் பேர் அறியாத நல்ல காலம். மழை இல்லை, கூட்டம் இல்லை, வாடகையும் குறைவு. காலை நேரங்களில் காட்சிமுனைகள் துல்லியமாகத் தெரியும். குன்னூரின் டால்பின் நோஸில் நின்றால் எதிரே கேத்தரின் அருவி ஒரு வெள்ளி இழைபோலத் தெரியும். கோடநாடு காட்சிமுனையிலிருந்து தெங்குமரஹாடா கிராமத்தையும் மாயாற்றையும் பார்க்கலாம். சோலைக்காடுகளின் ஓரத்தில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். மார்ச் பிறந்தால் குன்னூர், கோத்தகிரி சாலைகளில் ஜெகரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்து, தார்ச்சாலைமேல் பூப்பாய் விரிக்கும்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பதுதான் குறை. ஆனால், பணி ஓய்வு பெற்றவர்கள், புதுமணத் தம்பதிகள், பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீட்டினர் ஆகியோருக்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. மே மாதம் வரும் கூட்டத்துக்கு முன்பே மலையை முழுதாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

குறிஞ்சி பூக்கும் ஆண்டு

"குறிஞ்சிப் பூ பார்க்கப் போகலாமா?" என்று கேட்பவர்களுக்கு: 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030, ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள். வேறு குறிஞ்சி வகைகள் வேறு ஆண்டுகளிலும் ஆங்காங்கே பூக்கும். எதுவானாலும் பறிக்காதீர்கள். செடி பல ஆண்டுகள் காத்திருந்து ஒரே ஒருமுறை பூத்து, விதையை விட்டுவிட்டு மடிகிறது. அந்தப் பூவைப் பறித்தால் அடுத்த தலைமுறையைப் பறித்ததாகிவிடும்.

கியோட்டோவிலும் இதே கதைதான்!

இந்த 'எப்போது போவது' குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. ஜப்பானின் பழைய தலைநகரமான கியோட்டோவுக்கு உலகமே இரண்டு சமயங்களில் படையெடுக்கிறது. மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் செர்ரிப் பூக்கள் மலரும்போது ஒன்று. நவம்பரில் மேப்பிள் இலைகள் சிவக்கும்போது இன்னொன்று. பூ எப்போது மலரும் என்று வானிலை அறிக்கைபோல முன்னறிவிப்பே வெளியிடுகிறார்கள். அந்த வாரங்களில் கோயில் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. பனி படர்ந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் போகிறவர்களுக்கு அதே கோயில்கள் அமைதியாகக் கிடைக்கின்றன. கூட்டத்தின் தொல்லை தாங்காமல், கெய்ஷாக் கலைஞர்கள் வாழும் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைய 2024-ல் தடையே விதித்துவிட்டார்கள்.

அதே 2024-ல்தான் நம் மலைகளுக்கும் இ-பாஸ் வந்தது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

இ-பாஸ்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் போக இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலிலிருந்து, கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள்தான் என்று எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கும் ரயிலில் போகிறவர்களுக்கும் இந்தக் கவலை இல்லை. விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால், அறை போடும் முன்பே இணையத்தில் சரிபார்த்துவிடுங்கள். அறை போட்டுவிட்டு பாஸ் கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறைய.

மலை ரயில்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், அன்றே முயற்சி செய்யுங்கள். கிடைக்கவில்லையா? குன்னூர் - ஊட்டி இடையே ஓடும் ரயிலில் ஏறுங்கள். ஒரு மணி நேரம்தான். லவ்டேல், கேத்தி பள்ளத்தாக்கு எல்லாம் அதிலும் உண்டு. நீராவி இன்ஜினின் ஏற்றம்தான் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியில் போக வேண்டும். அங்கேதான் பல்சக்கரத் தண்டவாளத்தில் ரயில் மலையைப் பிடித்து ஏறும்.

பாதை: சீசன் நாட்களில் பர்லியாறு, குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள். மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி பாதை வழியாக இறங்க வெளியூர் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிளாஸ்டிக்: தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.

பெரியவர்கள் கூட வந்தால்: மலையேறும் முன் மேட்டுப்பாளையத்திலேயே வண்டியை நிறுத்தி, பாத்ரூம் போய், லேசாகச் சாப்பிட வைத்து, பிறகு ஏறுங்கள். அடுத்து எங்கே நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கால் உறை, குல்லா, ஸ்வெட்டர் எந்த மாதத்திலும் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். 'ஏழு பாயின்ட் பார்த்தோம்' என்ற கணக்கு டிரைவருக்குத்தான் தேவை, நமக்கு இல்லை.

யார், எப்போது?

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்:

• பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம்: காலாண்டு விடுமுறை.
• வயதானவர்கள்: செப்டம்பர் கடைசி அல்லது பிப்ரவரி, மார்ச்.
• உறைபனி பார்க்க ஆசைப்படுகிறவர்கள்: புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பின் ஜனவரி வார நாட்கள்.
• மழைப் பிரியர்கள்: ஜூலையில் குன்னூர் அல்லது கோத்தகிரி.
• மலர்க்கண்காட்சி பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள்: மே மாத வார நாள், காலை நேரம்.

புல்வெளியில் ஒரு மணி நேரம்

அம்மாவை நான் இரண்டாவது முறை அழைத்துப்போனது ஒரு செப்டம்பர் கடைசி வாரம், புதன்கிழமை. "இன்னொரு தடவையா? எனக்கு வேணாம்டா, நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் முதலில் சொன்னார். கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். இந்த முறை மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி டிபன், பிறகு குன்னூரில் ஒரு டீ. பதினோரு மணிக்கெல்லாம் ஊட்டியில் இருந்தோம்.

தாவரவியல் பூங்காவில் அன்று வரிசை இல்லை. மேகம் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் மஞ்சள் வெயில். அம்மா மெதுவாக நடந்துபோய், புல்வெளியில் ஒரு இடம் பார்த்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். பையில் இருந்த ஊட்டி வர்க்கியை எடுத்துப் பேத்திக்குப் பாதி கொடுத்துவிட்டுத் தான் பாதி கடித்தார். பேசவே இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார்.

கிளம்பும்போது கை கொடுத்து எழுப்பிவிட்டேன். நிமிர்ந்து சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டா, போன தடவை நாம வந்தது வேற ஊரா?"